அடிக்கலீங்க, போட்டோமுங்க

நம் வண்டு வளர்ப்பு லேப் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் பழைய தாளைக் கிழித்துவிட்டு, கம்ப்யூட்டரில் அழகாக அடித்து ஒட்டலாம் என்று உங்களில் யாரோ யோசனை சொன்னதாகக் கேள்விப்பட்டேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். எனக்கும் தோன்றியிருக்கும். ஓய்வு பெற்ற பிறகும் மூக்கை நுழைக்கிறாளே என்று நினைக்காமல், கிழிப்பதற்கு முன்னால் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள்.

அந்தத் தாளில் ஏழு கேள்விகள் இருக்கின்றன. முதல் ஆறும் நீல மையில் என் கையெழுத்து. ஏழாவது பச்சை மையில், வேறு கையெழுத்தில், கொஞ்சம் கோணலாக இருக்கும். அதைத்தான் நீங்கள் அசிங்கம் என்று சொல்லியிருப்பீர்கள்.

அரசாணிக்காயில், அதாவது பரங்கிக்காயில், மாவுப்பூச்சியை எப்படி ஏற்றி வளர்ப்பது, அதைத் தின்னும் வண்டுகளை எந்தக் கூண்டில் எத்தனை நாள் வைப்பது என்பதெல்லாம் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். வண்டின் புழுவும் மாவுப்பூச்சியைப் போலவே வெள்ளையாக இருப்பதால், அதை நசுக்கிவிட்டு "பூச்சிய ஒழிச்சிட்டேன் மேடம்" என்று பெருமையாகப் போன் செய்கிறவர்களைப் பற்றியும் சொல்லிச் சிரித்திருப்பார்கள். அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். இது ஒரு கேள்வியைப் பற்றியது. "மருந்து அடிச்சீங்களா?" வண்டு டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் நாம் எல்லாரும் கேட்கும் கேள்வி. இருபத்தெட்டு வருடம் அதைக் கேட்டேன். அது அரைகுறைக் கேள்வி என்று தெரிந்தது கடைசி வருடங்களில் ஒன்றில்தான். அது தெரிவதற்குள் ஒரு நல்ல மனிதரைப் பொய்யர் என்று சொல்லியிருந்தேன்.

முதலில் ஒன்று. என்னை எல்லாரும் "வண்டு மேடம்" என்று கூப்பிடுவதால், பூச்சிமருந்துக் கடையைப் பார்த்தால் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு ஓடுகிறவள் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு மருந்தோடு சண்டை எதுவும் இல்லை. வண்டும் வேண்டும், மருந்தும் வேண்டும். எதை எங்கே, எதை முதலில், இரண்டுக்கும் நடுவில் எத்தனை நாள் என்று முடிவு செய்வதற்குத்தான் நமக்குச் சம்பளம்.

மல்லசமுத்திரம் பக்கத்தில் ஒரு நர்சரி. அழகுச் செடிகள் மட்டும்தான். குரோட்டன்ஸ், இட்லிப்பூ, செம்பருத்தி. நடத்துகிறவர் செங்கோட்டுவேல். ஐம்பதைத் தாண்டியவர், அதிகம் பேச மாட்டார். போர்வெல் போடும் ரிக் வண்டியில் பதினெட்டு வருடம் ஊர் ஊராகப் போனவர். வண்டி எங்கே நின்றாலும் அந்த ஊரில் இல்லாத நிறத்தில் ஒரு செம்பருத்தியைப் பார்த்துவிட்டால், வீட்டுக்காரர்களிடம் கேட்டு ஒரு குச்சி வாங்கி ஈரச் சாக்கில் சுற்றி ஊருக்கு எடுத்து வருவாராம். அப்படிச் சேர்ந்த செடிகள் பெரிய சிமெண்டுத் தொட்டிகளில் இரண்டு வரிசையாக நின்றன. அவற்றிலிருந்து குச்சி வெட்டித்தான் விற்பனைக்கான கன்றுகளை உண்டாக்குவார். அந்தத் தாய்ச்செடிகளுக்கு ஊர்ப் பெயரையே வைத்திருந்தார். இது ராய்ச்சூர், கருஞ்சிவப்பு. இது நாக்பூர், மஞ்சளில் நடுவே சிவப்பு. இது ஜபல்பூர், அடுக்கு. இனிமேல் அந்த ஊர்களுக்குப் போய் அந்த வீடுகளைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

நான் முதல் முறை போனபோது ராய்ச்சூர் வெள்ளையாக இருந்தது. தண்டு, மொட்டு, இலையின் அடிப்பக்கம் எல்லாம் மாவுப்பூச்சி.

"மூணு வருசமா அடிக்காத மருந்து இல்லீங்க மேடம்" என்றார். "கடைக்காரர் பேர் பேரா குடுத்தாரு, எல்லாத்தையும் அடிச்சேன். அடிச்ச அன்னைக்கு அடங்குது. பத்து நாள்ல மறுக்கா வந்துருது. இப்பக் கன்னுகளுக்கும் ஏற ஆரம்பிச்சிருச்சு. அடிச்சு என்ன பிரயோசனம்னு ஒரு மாசமா சும்மா உட்டுட்டேன்."

"வண்டு விட்டுப் பார்க்கலாமா?"

"உடுங்க. உட்ட நாள்லருந்து இருவது நாள் பாக்கறனுங்க. அதுக்குள்ள அடங்கலீன்னா தொட்டிச் செடி அத்தனையும் வேரோட புடுங்கித் தீய வெச்சிருவேன். இதுலருந்து கன்னு பூராத்துக்கும் பரவுச்சுன்னா நர்சரியே போயிரும். ஆறு பொம்பளைங்க இத நம்பித்தான் வேலைக்கு வாராங்க."

சொல்லும்போது அவர் செடிகளைப் பார்க்கவில்லை. எனக்கு அது புரிந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? இருபது நாள் எதற்கு, பதினைந்தே போதும் என்றேன். அப்போதெல்லாம் நான் அப்படித்தான். இப்போதும் அப்படித்தான் என்று என் மகள் சொல்கிறாள்.

கிளம்புவதற்கு முன் இரண்டே இரண்டு கட்டளை போட்டேன். "இன்னையிலிருந்து மருந்து அடிக்கக் கூடாது. அடுத்தது, எறும்பு இருக்கக் கூடாது. மாவுப்பூச்சி கிட்ட சர்க்கரைத் தண்ணி கிடைக்குதுன்னு எறும்புதான் அதுக்குக் காவல் காக்குது. வண்டு வந்தா கடிச்சுத் துரத்திடும். நான் மறுபடி வரும்போது இந்தத் தொட்டிகள்ல ஒரு எறும்பைக்கூடப் பார்க்கக் கூடாது."

பத்து நாள் கழித்து, வண்டு டப்பாக்களை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய் இறங்கினேன். ஒரு எறும்புகூட இல்லை. தொட்டி விளிம்பில் விரலை வைத்துத் தேடிப் பார்த்தேன், இல்லை. இவ்வளவு சொன்னபடி கேட்கிற ஆளை நான் பார்த்ததில்லை என்று அவரைப் பாராட்டினேன். எப்படி ஒழித்தீர்கள் என்று கேட்கவில்லை. வழக்கமான கேள்வியை மட்டும் கேட்டேன்.

"மருந்து அடிச்சீங்களா?"

"இல்லீங்க."

வண்டுகளை விட்டேன். தொட்டி வரிசைகளிலும் விட்டேன். வேலியோரம் மண்ணிலேயே நட்டிருந்த நாட்டுச் செம்பருத்தியிலும் கொஞ்சம் பூச்சி இருந்ததால் அங்கேயும் ஒரு டப்பா விட்டேன்.

ஆறாம் நாள் போனேன். ராய்ச்சூரின் தொட்டி மண்ணில் மிளகைக் கொட்டியது போல வண்டுகள் செத்துக் கிடந்தன. நாக்பூரில் அப்படியே. ஜபல்பூரில் ஒன்று மல்லாந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தது. மாவுப்பூச்சி மட்டும் ஒரு குறையும் இல்லாமல் இருந்தது.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லியே ஆக வேண்டும். இரண்டு மாதம் கூண்டு கூண்டாக வளர்த்த வண்டு. நான் திரும்பிப் பார்த்தபோது அவர் பின்னால் நின்றுகொண்டிருந்தார். வேலை செய்துகொண்டிருந்த ஆறு பெண்களும் காதுக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தார்கள்.

"எப்ப அடிச்சீங்க?"

"அடிக்கலீங்க மேடம்."

"பொய் சொல்லாதீங்க. செத்துக் கிடக்குற வண்டே சொல்லுது."

"அடிக்கலீங்க."

"அடிக்காம எப்படிச் சாகும்? அவசரப்பட்டு ஏதோ அடிச்சிட்டு, இப்ப என்கிட்ட மறைக்கிறீங்க. என் சர்வீஸ்ல எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்!"

மூன்றாவது முறையும் "அடிக்கலீங்க" என்றார். சத்தமே இல்லாமல் சொன்னார். பிறகு கீழே கிடந்த தண்ணீர் ட்யூபை எடுத்துக்கொண்டு கன்றுகள் பக்கம் போய்விட்டார். பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு வேலையைப் பார்த்தார்கள். தங்கள் முதலாளியை ஒருத்தி அப்படிப் பேசுவதைக் கேட்டதில் அவர்களுக்குத்தான் வெட்கமாக இருந்தது.

கவனியுங்கள், அன்றைக்கே உண்மை என் கண் முன்னால் நின்றது. வேலியோரச் செடியில் வண்டுகள் உயிரோடு இருந்தன. தின்றுகொண்டிருந்தன, முட்டைகூட வைத்திருந்தன. அதைப் பார்த்ததும் ஒரு நிமிடம் நின்று யோசித்திருக்க வேண்டும். நான் யோசிக்கவில்லை. 'வேலி வரைக்கும் ஸ்பிரே எட்டியிருக்காது' என்று என் முடிவோடு அதையும் சேர்த்துக் கட்டிவிட்டேன். தான் நினைத்ததே சரி என்று இருக்கிறவளுக்கு எதைக் காட்டினாலும் அது அவளுக்குச் சாட்சியாகத்தான் தெரியும்.

இரண்டு நாள் கழித்து, கையும் களவுமாகப் பிடிக்கிற எண்ணத்தோடு, சொல்லாமல் போனேன். செங்கோட்டுவேல் கேட் பக்கம் யாருக்கோ செடி ஏற்றிக்கொண்டிருந்தார். நான் நேராகச் சாமான் ஷெட்டுக்குள் நுழைந்தேன். மூலையில் முதுகில் மாட்டும் ஸ்பிரேயர் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். டேங்க் காய்ந்து கிடந்தது. மருந்து வரும் குழாயின் வாயில் சிலந்தி வலை கட்டியிருந்தது. வலை நடுவில் சிலந்தியும் இருந்தது. ஒரு வாரத்துக்குள் யாரும் அதைத் தொட்டிருக்க முடியாது.

"என்னங்க மேடம் தேடறீங்க?"

பாவாயி. வேலை செய்யும் பெண்களில் மூத்தவர், தொட்டிச் செடிகள் எல்லாம் அவர் பொறுப்பு. கையில் மண் ஒட்டியபடி வாசலில் நின்றார்.

"மருந்து பாட்டில்."

"பழைய பாட்டில் அந்தச் சாக்குல கெடக்குது. அடிச்சு ரெண்டு மாசமாச்சுங்க."

"பிறகு வண்டு எப்படிச் செத்துச்சு பாவாயி?"

"எனக்கு எப்புடீங்க தெரியும்? நீங்க சொன்ன ரெண்டையும் அப்படியேதான செஞ்சோம். அடிக்கக் கூடாதுன்னீங்க, அடிக்கல. எறும்பு இருக்கக் கூடாதுன்னீங்க, குருணை போட்டோம்."

கையிலிருந்த ஸ்பிரேயரைக் கீழே வைத்தேன்.

"என்ன போட்டீங்க?"

"குருணைங்க. தொட்டிக்கு ஒரு புடி, எருவோட கலந்து. நாந்தான் போட்டேன்."

"வேலியோரச் செடிக்கு?"

"அதுக்கு எதுக்குங்க? எறும்பு தொட்டியிலதான இருந்துச்சு."

"குருணை மருந்து இல்லையா பாவாயி?"

"மருந்துதானுங்க." என்னை விநோதமாகப் பார்த்தார். "ஆனா அடிக்கலீங்களே. போட்டோமுங்க."

நம் பேச்சில் தண்ணீரில் கலந்து பீய்ச்சினால்தான் 'அடிக்கிறது'. மண்ணில் இடுவது 'போடறது'. உரத்தைப் போடுவோம், எருவைப் போடுவோம், மணல்போல் வரும் குருணை மருந்தையும் போடுவோம். நான் கேட்டது அடித்தீர்களா என்று. செங்கோட்டுவேல் சொன்னது அடிக்கவில்லை என்று. மூன்று முறை கேட்டேன், மூன்று முறையும் அந்த மனிதர் உண்மையைத்தான் சொன்னார். எறும்பு இருக்கக் கூடாது என்று உத்தரவு போட்டதும் நான். எதை வைத்து ஒழிப்பது என்று சொல்லாமல் பஸ் ஏறியதும் நான்.

அந்தச் சாக்கைக் கொட்டிப் பாட்டில்களின் லேபிளைப் படித்தேன். ஐந்து பாட்டில், ஐந்து பெயர். உள்ளே இருந்த சரக்கு எல்லாம் ஒரே குடும்பம். குருணை பாக்கெட்டும் அதே குடும்பம். மூன்று வருடமாக அதையே குடித்துக் குடித்து மாவுப்பூச்சிக்கு அது பழகிவிட்டது. குருணையை வேர் உறிஞ்சி, அது சாற்றில் ஏறி, அந்தச் சாற்றைக் குடித்த மாவுப்பூச்சி தெம்பாக உட்கார்ந்திருக்க, அதைத் தின்ற வண்டுதான் செத்தது. நானே விருந்துக்குக் கூட்டி வந்து விஷம் வைத்திருக்கிறேன்.

திரும்பினால் செங்கோட்டுவேல் வாசலில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. அந்த இடத்தில், அந்த நிமிடத்தில் நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. "சரி, நடந்தது நடந்துபோச்சு. இனி என்ன பண்ணலாம்னு பாப்போம்" என்றேன். தப்புச் செய்தவர்கள்தான் எப்போதும் இந்த வசனத்தைச் சொல்லுவார்கள். எங்கள் மாதா கோவிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய, செய்த தப்பைச் சொல்லி மன்னிப்புக் கேட்க, எனக்குக் கஷ்டமே இருந்ததில்லை. நடுவில் ஒரு தடுப்பு இருக்கும், மெதுவாகப் பேசலாம், வரிசையில் நிற்பவர்களுக்குக் கேட்காது. ஆறு பேர் முன்னால் திட்டிவிட்டு ஆறு பேர் முன்னால் மன்னிப்புக் கேட்பது அந்த மாதிரி இல்லை.

வேலை மட்டும் ஒழுங்காகச் செய்தேன். அதில் எனக்குச் சந்தேகம் வந்ததில்லை. அன்றே தொட்டிகளின் மேல்மண்ணை நாலு விரல் ஆழத்துக்குச் சுரண்டி எடுக்கச் சொன்னேன். அதை உரக்குழியில் போடாமல் தனியாகக் குழி வெட்டிப் புதைக்க வேண்டும் என்றேன். பூச்சி மொய்த்த கிளைகளை வெட்டி எரித்தோம். மிச்சத்தைச் சோப்புத் தண்ணீரால் கழுவினோம். சோப்புத் தண்ணீர் மேலே பட்ட பூச்சியைக் கொல்லும், காய்ந்துவிட்டால் பிறகு வருகிற வண்டை ஒன்றும் செய்யாது. ஆனால் வேரில் ஏறிய சரக்கு எப்போது இறங்கும்? அதை எந்தப் புத்தகமும் ராய்ச்சூருக்கு இத்தனை நாள் என்று சொல்லாது. செடியைத்தான் கேட்க வேண்டும்.

கேட்கும் வழியைப் பாவாயியிடம் சொன்னேன். பழைய கொசுவலையில் பை தைத்து, பூச்சி இருக்கும் ஒரு கிளையில் மாட்டி, உள்ளே ஐந்தே ஐந்து வண்டு. மூன்று நாள் கழித்து எண்ண வேண்டும். ஐந்தும் இருந்தால் மற்ற வண்டுகளைத் திறந்துவிடலாம். இல்லையென்றால் காத்திருக்க வேண்டும். நீங்கள் இன்று செய்கிற வலைப்பைச் சோதனை அங்கே ஆரம்பித்ததுதான். அன்று பஸ்ஸில் ஒரு நோட்டுத் தாளில் ஆறு கேள்விகளை எழுதினேன். அடிச்சீங்களா? போட்டீங்களா? தூவுனீங்களா? ஊத்துனீங்களா? முக்கி நட்டீங்களா? பொகை போட்டீங்களா? அடுத்த முறை போனபோது பாவாயி அதை வாங்கி ஷெட் தூணில் ஒட்டிக்கொண்டார்.

முதல் பையில் ஐந்தும் செத்தன.

இதற்கு நடுவில் அடுத்த கொட்டகையில் இருந்த குரோட்டன்ஸில் பூச்சி ஏறிவிட்டது. நான் போய்ப் பார்த்துவிட்டு, "அடிச்சிருங்க" என்றேன்.

செங்கோட்டுவேல் என்னையே பார்த்தார். "அடிக்கச் சொல்றது நீங்களா மேடம்?"

"நான்தான். அங்க வண்டு இல்ல, இனிமே விடப் போறதும் இல்ல. இன்னும் கொஞ்ச நாள்ல விற்கப் போற செடி. சோப்புத் தண்ணிக்கு அடங்குற அளவைத் தாண்டிடுச்சு. ஆனா அந்த அஞ்சு பாட்டில் குடும்பம் வேண்டாம், வேற குடும்பம். நான் எழுதித் தர்றேன்."

காற்று அடங்கியிருக்கும் விடியற்காலையில் வைத்துக்கொண்டோம். வேலை செய்யும் பெண்களை அன்று பத்து மணிக்கு மேல் வரச் சொல்லிவிட்டோம். இரண்டு கொட்டகைக்கும் நடுவில் அவருடைய பழைய ரிக் வண்டித் தார்ப்பாயைக் கட்டினார். முகத்தை மூடிக்கொண்டு அவரே அடித்தார். பாதி வரிசைகள் முடிந்தபோது காற்று எழுந்து தார்ப்பாய் லேசாக உப்பி வேலிப் பக்கம் சாய்ந்தது. அந்த வேலியில்தான் நம் வண்டுகள் பெருகிக்கொண்டிருந்தன. அந்த நர்சரியில் மிச்சமிருந்த ஒரே விதை வண்டு அதுதான்.

"நிறுத்துங்க!" என்று கத்தினேன்.

"இன்னும் ரெண்டே வரிசைதானுங்க மேடம். நாளைக்குன்னா மறுக்கா எல்லாம் கலக்கணும்."

"நாளைக்கே கலக்கலாம். நிறுத்துங்க."

கையை எடுத்துவிட்டார். மறுநாள் காற்றில்லாத நேரத்தில் மிச்சத்தை முடித்தார். பெரிய வீரம் ஒன்றும் இல்லை, இரண்டு வரிசைதான். ஆனால் நம் வேலையில் முக்கால்வாசி நஷ்டம் 'இன்னும் ரெண்டே வரிசைதான்' என்கிற இடத்தில்தான் நடக்கிறது. அந்த இடத்தில் யாராவது ஒருவர் கத்த வேண்டும். அதற்காக உங்களைத் திட்டுவார்கள், பரவாயில்லை.

இருபதாம் நாள் வந்தது. இரண்டாவது பையைத் திறந்தோம். மூன்று செத்திருந்தன, இரண்டு உயிரோடு இருந்தன. ராய்ச்சூரில் சோப்புக்குத் தப்பிய பூச்சி மறுபடி வெள்ளை கட்ட ஆரம்பித்திருந்தது. செங்கோட்டுவேல் கடப்பாரையைத் தொட்டிப் பக்கத்தில் சாய்த்து வைத்திருப்பதை நான் வரும்போதே பார்த்துவிட்டேன். கடப்பாரைக்குப் பக்கத்தில் பாவாயி நின்றுகொண்டிருந்தார்.

"ரெண்டு பிழைச்சிருக்கு. சரக்கு இறங்குது. இன்னும் பத்து நாள் குடுங்க" என்றேன். பதினைந்தே போதும் என்று சொன்ன அதே வாயால்தான் கேட்டேன்.

செங்கோட்டுவேல் ராய்ச்சூரின் ஒரு கிளையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"தர்றனுங்க" என்றார். "நான் உங்கள நம்பறேன் மேடம். நாஞ் சொல்றதையும் நீங்க நம்புனாப் போதும்."

கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அப்போதும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. பஸ்ஸில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். என்னைப் பற்றி நானே பெருமைப்படாத நாட்களில் அது ஒன்று.

முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கவலையோடு படிக்க வேண்டாம். செடிகள் பிழைத்தன. மூன்றாவது பையில் ஐந்தும் உயிரோடு இருந்தன. ராய்ச்சூர், நாக்பூர், ஜபல்பூர் எல்லாம் இன்றைக்கும் பூக்கின்றன. என் வீட்டு மொட்டை மாடியிலும் ஒரு ஜபல்பூர் இருக்கிறது. நான் சொல்ல வந்தது வண்டுகளைத் திறந்துவிட்ட அந்தக் காலையைப் பற்றி.

வேலியில் பெருகியதும் லேபில் வளர்த்ததுமாக டப்பாக்களை அடுக்கி வைத்திருந்தோம். ஆறு பெண்களும் வேடிக்கை பார்க்க வந்து நின்றார்கள். செங்கோட்டுவேல் கொஞ்சம் தள்ளி நின்றார். நான் முதல் டப்பாவை எடுத்து மூடியில் கை வைத்தேன்.

"இருங்க மேடம்" என்றார் பாவாயி. தூணில் இருந்த தாளைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்டார். அடிச்சீங்களா, போட்டீங்களா, தூவுனீங்களா. செங்கோட்டுவேல் ஒவ்வொன்றுக்கும் "இல்லீங்க" என்றார். ஆறும் முடிந்தது. நான் சிரித்துக்கொண்டே மூடியைத் திருகினேன்.

"உங்களையுந்தானுங்க மேடம். நீங்க கையில மருந்து எதுவும் இல்லாமத்தான வந்திருக்கீங்க?"

"எனக்கென்ன பாவாயி, நான் எதுவும் அடிக்கல, எதுவும் போடல."

பாவாயி மூக்கைச் சுருக்கினார். "என்னமோ வாசம் வருதுங்களே."

முந்தின நாள் டப்பாக்களைத் தூக்கி அடுக்கியதில் எனக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டிருந்தது. காலையில் கிளம்பும்போது அழுத்தித் தேய்த்திருந்தேன். பஸ்ஸிலும் ஒரு முறை தேய்த்தேன். விரல்களில் இன்னும் பிசுபிசுப்பு இருந்தது.

"அட, அது தைலம்! அது மருந்தா?"

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது.

பிறகு பெண்களில் ஒருத்தி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். பாவாயி சிரிக்கவில்லை. அந்தக் காரம் வண்டின் மேல் படாதபடி டப்பாவை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார். நான் செங்கோட்டுவேலைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகத்தில் கோபமும் இல்லை, கேலியும் இல்லை. அதுதான் என்னைப் பேச வைத்தது.

"அன்னைக்கு இதே இடத்துல உங்களைப் பொய் சொல்லாதீங்கன்னு சொன்னேன்" என்றேன். ஆறு பேருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகத்தான் சொன்னேன். "நீங்க பொய் சொல்லல. நான்தான் கேட்கத் தெரியாம கேட்டேன். தெரிஞ்ச அன்னைக்கே சொல்லியிருக்கணும், சொல்லல. அது அதைவிடப் பெரிய தப்பு. என்னை மன்னிச்சிருங்க."

அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"உடுங்க மேடம். இப்ப நீங்களுந்தான் பொய் சொல்லல" என்றார். "தாளுல உங்க தைலத்துக்கு ஒரு வார்த்த இல்ல, அவ்வளவுதானுங்க. மொதல்ல போயிக் கையக் கழுவிட்டு வாங்க. சோப்பு தண்ணித் தொட்டியோரம் இருக்குது."

இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன். திரும்பி வந்தபோது பாவாயி, செடிகளுக்குப் பெயர் எழுதும் பச்சைப் பேனாவை வைத்துக்கொண்டு தூணில் ஒட்டியிருந்த தாளில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். அவருக்கு எழுதிப் பழக்கம் குறைவு. ஒவ்வொரு எழுத்தாக, நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டு எழுதினார். பூசுனீங்களா?

எழுதி முடித்த பிறகுதான் என்னை டப்பாவைத் தொட விட்டார்.

ஓய்வு பெறுவதற்கு முன் அந்தத் தாளைக் கேட்டு வாங்கி வந்து லேபில் ஒட்டினேன். பதிலுக்குச் சுத்தமாக இன்னொன்று எழுதிப் பாவாயியிடம் கொடுத்தேன். நீங்கள் கம்ப்யூட்டரில் புதிதாக அடித்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. நான் எழுதிய ஆறு வரியையும் தாராளமாகக் கிழித்துப் போடுங்கள். ஏழாவது வரியை மட்டும் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்து, புதுத் தாளின் கீழே அப்படியே ஒட்டுங்கள். தோளுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு யாராவது டப்பாவைத் திறக்கப் போனால், அந்தக் கையெழுத்துதான் அவர்கள் கண்ணில் முதலில் பட வேண்டும்.